புரிட்டோவில் ஓர் உருட்டு

"இனிமே ஞாயித்துக்கிழமை சமையல் உங்களுது" என்று அன்னமேரி அறிவித்ததும், பாக்கியசாமிக்கு வாயிலிருந்த கோப்பி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"எனக்குக் கோயில்ல பாட்டுக்குழு பிராக்டிஸ். நீங்க சிக்கன் புரிட்டோ செய்யுங்க. ரொம்ப ஈசி."

"பேரே புரியலையே, மேரி!"

"கோழியை வதக்கி, சோத்தோட சேத்து, ரொட்டியில வெச்சு சுருட்டணும். புரிஞ்சுதா? அதான் புரிட்டோ. மத்தியானம் பட்டர்வொர்த்துலேருந்து என் தம்பி ரயன் வர்றான். மானத்தை வாங்கிடாதீங்க."

வாங்குவதென்றே பாக்கியசாமி முடிவு செய்தார். ஒரே ஒரு ஞாயிறு கெடுத்துவிட்டால் போதும், ஆயுசுக்கும் அடுப்படிக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். மச்சினனைக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குக் கூட்டிப்போய், வயிறு முட்ட நாசி கண்டார் சோறும் கறியும் வாங்கிக் கொடுத்துவிடலாம்.

கோழி வதங்கியது. வாசனை ஆளைத் தூக்கியது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு உப்பை அள்ளிக் கொட்டினார். நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்தார். பினாங்குக் கடலே வாய்க்குள் வந்துவிட்டது. சீட்டியடித்தபடி குளிக்கப் போனார்.

திரும்பி வந்தால், பிராக்டிஸ் முடிந்து வந்துவிட்ட அன்னமேரி அடுப்படியில் நிற்கிறாள்.

"சுருட்டுறதை நான் பார்த்துக்கறேன். நீங்க போய் உக்காருங்க, செஃப்!"

ரயன் ஒரு கடி கடித்தான். பாக்கியசாமி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"மாமா! சூப்பர்லா!"

"உப்பு... கொஞ்சம் தூக்கலா இல்ல?"

"சரியா இருக்கு மாமா!"

பக்கத்து வீட்டு ரொஸ்னா, அன்னமேரி கொடுத்தனுப்பிய தட்டைக் காலியாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணே, இன்னொண்ணு இருக்கா?"

பதறிப்போய்த் தானும் ஒன்றைக் கடித்தார். அடடா! நாக்கு கட்சி மாறிவிட்டது. நடுவில் மெத்தென்று ஏதோ அகப்பட்டது. தான் போடாத சாமான். யோசிக்க வாய்க்கு நேரமில்லை, மூன்றை முடித்தது.

"அடுத்த ஞாயிறு பிள்ளைங்களையும் கூட்டிட்டு வர்றேன் மாமா."

"நாங்களும் வர்றோம் அண்ணே!" என்றாள் ரொஸ்னா.

"தாராளமா வாங்க. எங்க வீட்டுக்காரர் கைப்பக்குவம் அப்படி" என்று அன்னமேரி பூரித்தாள்.

வேண்டுமென்றே கெடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? எச்சில் தட்டுகளோடு அடுப்படிக்குள் போனார். பின்னாலேயே வந்த அன்னமேரி, காதோரம் குனிந்து சொன்னாள்:

"அடுத்த வாரமும் இவ்வளவு உப்பு கொட்டுறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. உருளைக்கிழங்கை அவிச்சு ரெடியா வெச்சிட்டுப் போறேன்."