காய்ச்சல் விசாரிக்க வந்தவர்

காய்ச்சல் விசாரிக்கிறவர் என்றொரு இனம் உண்டு. மதுரையில் எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சுட்டாலும் தெர்மாமீட்டருக்கு முன்னால் இவர் வந்துவிடுவார். ஒரு கையில் ரெண்டு சாத்துக்குடி, மறு கை நோயாளியின் மணிக்கட்டில், கண் மோட்டுவளையில், வாயில் ஒரு நீண்ட ‘ம்ம்ம்’. படிப்பா? எதற்கு? இவருடைய மச்சினர் மருந்துக்கடைக்கு எதிரே குடியிருக்கிறார்.

எங்கள் வில்லாபுரத்துக்கு வாய்த்தவர் வீரணன். போன ஐப்பசியில் எங்கள் தெரு மருதுவின் மனைவி அன்னக்கொடிக்கு எலும்பெல்லாம் நொறுங்குகிற மாதிரி காய்ச்சல். டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார்.

“டெங்கு மாதிரி தெரியுது. ஆஸ்பிரின் குடுத்துறாதீங்க. காய்ச்சல் விட்டதும் அசந்துறாதீங்க, அப்பத்தான் ஆபத்து. வயித்து வலியோ ரத்தமோ கண்டா உடனே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.”

அவர் தலை மறைந்ததும் வீரணன் மருதுவைப் பார்த்துச் சிரித்தார். “டெங்காவது கிங்காவது! கொசு கடிச்சு வருதாம்ல மாப்ள? இம்புட்டு வருசமா என்னையக் கடிக்காத கொசுவா? இது சூட்டுக் காய்ச்சல்.” அவர் சாய்ந்து நின்ற மூடியில்லாத தண்ணீர் டிரம்மிலிருந்து, காலில் வெள்ளை வரி போட்ட கொசு ஒன்று எழுந்து அவரைச் சுற்றிப் பார்த்தது.

சில நாளில் காய்ச்சல் இறங்கியது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: காய்ச்சல் விட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது, அதற்கு மேல் படுத்திருப்பது மரியாதைக் குறைவு. வீரணன் வெந்நீர் போடச் சொன்னார், கோழி அடிக்கச் சொன்னார். கோழிக்கு மட்டும்தான் நாடி பார்க்கவில்லை.

“அண்ணே, வயிறு பிடுங்குது. வாய் கொப்புளிச்சா ரத்தமா வருது” என்றாள் அன்னக்கொடி.

“சூடு வெளியேறுது தாயி. தண்ணி ஊத்துனாச் சரியாப் போகும்.”

மருது மனைவியைப் பார்த்தான்; வீரணனைப் பார்த்தான். பெரிய மனுஷர் பேச்சைத் தட்டுவதா?

அன்னக்கொடி சுவரைப் பிடித்து எழுந்தாள். “இந்தாங்க, நம்ம பிள்ளைக்குத் தாய் வேணுமா, அண்ணனுக்கு மரியாதை வேணுமா? ரிக்‌ஷாவைக் கூப்பிடுங்க.”

வெந்நீர் அடுப்பிலேயே ஆறியது. ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றி அவளைப் பிழைக்க வைத்தார்கள். குளிப்பாட்டிவிட்டு வந்திருந்தால் நேரம் தப்பியிருக்கும் என்றார்கள்.

மறுநாள் வார்டில் வீரணன், ரெண்டு சாத்துக்குடியோடு.

“நான் அப்பவே சொன்னேன்ல மாப்ள, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கன்னு?” சொல்லிக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரரின் மணிக்கட்டைப் பற்றினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அன்னக்கொடி வயிறு பிடுங்குகிறது என்றபோது, ‘ஒரு கஷாயம் வைத்துக் கொடுத்திருந்தால் கேட்டிருக்குமே’ என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? தோன்றியதென்றால், அடுத்த வீட்டுக் காய்ச்சலை விசாரிக்கக் கிளம்புமுன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்மை மூடிவிட்டுப் போங்கள்.