மூன்று கார் போட்டியில் நான்காம் இடம்

மூன்றே மூன்று கார்கள் கலந்துகொண்ட போட்டியில் நான்காவதாக வந்தவன் நான். அச்சுப்பிழை என்று நினைத்து மறுபடியும் படிக்க வேண்டாம். மூன்று கார், நான்காம் இடம். இருபத்தைந்து வருடங்களாக என் மனைவி, மகள், மச்சினன், போன மாதத்திலிருந்து மகளின் டியூஷன் வாத்தியார் என்று ஆளாளுக்கு இதைச் சொல்லிச் சிரித்துவிட்டார்கள். நானே ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைத்துவிடுவது மேல்.

எண்பதுகளின் தொடக்கம். பட்டம் வாங்கிவிட்டு, வேலை தேடுவதாக ஊரை நம்பவைத்துக்கொண்டு, பெரம்பலூரில் மாமா வீட்டில் இருந்தேன். அம்மாவின் தம்பி. சின்ன வெங்காய மண்டி வைத்திருந்தார். அவருடைய பழைய கார்தான் இந்த உலகத்தில் எனக்கு இருந்த ஒரே அந்தஸ்து. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பாவம், அவர்கள் செய்தது என்று அதில் நாலு கதவுகள்தான் மிச்சமிருந்தன.

மற்றதெல்லாம் காசிம் பாயின் கைவண்ணம். துறையூர் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். வெங்காய மூட்டை ஏற்ற வேண்டும் என்று மாமா சொன்னதும் பின்சீட்டைக் கழற்றினார். மூட்டை ஏற்றியதும் வண்டி தரையைத் தொட்டது. லாரி ஸ்பிரிங்கின் பட்டைகளை வெட்டி இதன் ஸ்பிரிங்கோடு சேர்த்தார். அன்றிலிருந்து மூட்டை இல்லாத நாட்களில் வண்டி, கூட்டத்துக்குப் பின்னால் எக்கி நின்று தேர் பார்ப்பவனைப் போல நிற்கும். சைலன்சர் ஒரு நாள் ரஞ்சன்குடிக் கோட்டை அருகே கழன்று விழுந்தது. திரும்பிப் போய்ப் பார்ப்பதற்குள் யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். அதன்பின் அது இல்லாமலே பழகிவிட்டோம். இன்ஜின் சூடேறுகிறது என்று பானெட்டை முழுக்க மூடாமல், காற்றுப் போக நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார் பாய். இப்படி அந்தக் காரில் செய்த ஒவ்வொரு மாற்றமும் அதன் வேகத்தைக் குறைத்தது. இது முக்கியம். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில்தான் அரியலூரில் ஆட்டோகிராஸ் என்று நோட்டீஸ் வந்தது. சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்த பொட்டலில் தார் பீப்பாய்களை அங்கங்கே நிறுத்திவைப்பார்கள். ஒவ்வொரு காராக அவற்றுக்கு நடுவே நெளிந்து வளைந்து ஓடிவர வேண்டும். யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று ஸ்டாப்வாட்ச் சொல்லும். "சாதாரணமாக ஊரில் ஓட்டும் கார்களும் கலந்துகொள்ளலாம்" என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அந்த வரியோடு மாமாவிடம் போய் நின்றேன்.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ஜெயிச்சுட்டு வரவேணாம்டா. ஆனா அரியலூர் யாவாரிங்க அத்தன பேரும் வேடிக்க பாக்க வருவாங்க. கடைசியா மட்டும் வந்துராத. வந்தேன்னு வச்சுக்க, சாவிய ஆணில மாட்டிட்டு திங்கக்கெழமலேருந்து மண்டில வந்து உக்காரு."

அடுத்த ஒரு மாதம் நான் காரைத் தொடவே இல்லை. போட்டியின் விதிப் புத்தகத்தைப் படித்தேன். (படித்தவன் புத்தி என்று இதைத்தான் சொல்வார்கள் போல.) மூன்று வகுப்புகள். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால் ஏ. வெளி மாற்றங்கள் மட்டும் செய்து, இன்ஜின் ஆயிரத்து நூறு சிசிக்குள் இருந்தால் பி. அதற்கு மேல் எதுவானாலும் சி. ஏ நமக்கு இல்லை என்பது தெருவில் போகிறவனுக்கும் தெரியும். சி என்பது பெங்களூரிலிருந்து லாரியில் ஏற்றி வரும் பந்தயக் கார்களுக்கு. ஆகவே பி.

பி-யில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. அரியலூர் டாக்டர் ஒருவர் தம் காரில் சக்கரங்களை மாற்றியிருந்ததால் அந்த வகுப்பில் பெயர் கொடுத்திருந்தார். காலியான ரோட்டில்கூட வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து நின்று போகிற மனிதர். அவர் இருக்கும்வரை அந்த வகுப்பில் நான் கடைசியாக வர வழியே இல்லை.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் இன்ஜின் பிறந்தபோது ஆயிரத்து எண்பத்தொன்பது சிசி. பிறகு மூன்று தடவை ரீபோர் ஆகியிருந்தது. தேய்ந்துபோன சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவதுதான் ரீபோர். கிழவருக்குப் பல்செட் கட்டுவது மாதிரி; அதனால் யாரும் வாலிபனாகிவிடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் சிசி கொஞ்சம் கூடும். பாயிடம் அளவு கேட்டு, ஒர்க்‌ஷாப் தகரத்தில் சாக்பீஸால் கணக்குப் போட்டேன். ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டு.

"பாய், முப்பத்தெட்டு சிசி ஜாஸ்தி. இதை அங்க சொன்னா நம்மளத் தூக்கி சி-ல போட்டுருவாங்க. இன்ஜின்ல யாரும் கை வெக்கலன்னு சொல்லிரலாம்."

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பொய் சொல்றது ஹராம் தம்பி."

"நீங்க சொல்ல வேணாம். நான் சொல்லிக்கிறேன். நீங்க வாயத் தெறக்காம நில்லுங்க, அது போதும்."

"சும்மா நிக்கிறதுல என்னா? நின்னுட்டுப் போறேன்" என்றார். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் அவர் அழிக்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

பங்குனி வெயிலில் அரியலூர்ப் பொட்டல் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்தது. வண்டிகளைச் சோதிப்பவர் திருச்சிக்காரர், தொப்பி போட்டவர். எங்கள் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"பின்சீட் இல்ல. எடையக் கொறச்சிருக்கீங்க."

"இல்ல சார், வெங்காயம்."

"என்னது?"

"வெங்காயம் ஏத்தறதுக்கு சார்."

ஜன்னல் வழியே மூக்கை நீட்டினார், நம்பினார், ஆனாலும் எடைக்குறைப்பு என்றே எழுதிக்கொண்டார். லாரிப் பட்டை, 'ஸ்பிரிங் பலப்படுத்தப்பட்டது' ஆயிற்று. ரஞ்சன்குடியில் தொலைத்த சைலன்சர், 'புகை வெளியேற்றம் மேம்படுத்தப்பட்டது' ஆயிற்று. மரக்கட்டையைப் பார்த்து, "காத்து உள்ள போக நல்ல ஏற்பாடு" என்று பாராட்டக்கூடச் செய்தார். எங்கள் ஏழ்மையை எல்லாம் அந்த மனிதர் தொழில்நுட்பமாக எழுதிக்கொண்டே போனார். கடைசியில் கண்ணாடியில் சாக்பீஸால் 'பி' என்று போட்டார். எனக்கு மூச்சு வந்தது. சற்றுத் தள்ளி டாக்டர் தம் ஹாரனைச் சோதித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நாதஸ்வரம்போல இருந்தது.

தொப்பிக்காரர் அத்தோடு போயிருக்கலாம். பானெட்டை மூடும்போது, அனுதாபத்தோடு ஒரு வார்த்தை சொன்னார்.

"வெளிலதான் இவ்வளவும் பண்ணிருக்கீங்க. இன்ஜின் பக்கம் வேல தெரிஞ்சவன் யாரும் கையே வெக்கல போலருக்கு."

பாயின் முகம் மாறியது. நான் அவர் காலை மிதித்தேன்.

"ஏன் தம்பி கால மிதிக்கிறீங்க?" என்று பொட்டல் முழுக்கக் கேட்கும்படி கேட்டுவிட்டு, தொப்பிக்காரர் பக்கம் திரும்பினார். "யார் சார் கை வெக்கல? மூணு தடவ ரீபோர் பண்ணிருக்கேன் சார் நான்! எட்டு வருசமா புள்ளய மாதிரிப் பாத்துக்கிட்டிருக்கேன்! ஆயிரத்து நூத்தி முப்பத்தெட்டு சிசி! வேணும்னா பெரம்பலூருக்கு வந்து பாருங்க, தம்பி கையால தகரத்துல எழுதி வச்சிருக்கு!"

தொப்பிக்காரர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். தொப்பிக்காரர் கர்ச்சீப்பால் 'பி'யைத் துடைத்துவிட்டு 'சி' என்று எழுதினார்.

சி வகுப்பில் மொத்தம் மூன்று கார். மற்ற இரண்டும் லாரியிலிருந்து பலகை வழியாக இறங்கி, தரையோடு தரையாகப் படுத்திருந்தன. அவற்றுக்கு நடுவில் எங்கள் கார், வெங்காய வாசனையோடு, எக்கி நின்றது.

என் ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் திருப்பத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபோது, எட்டு வருட வெங்காயச் சருகு முழுவதும் பின்னாலிருந்து கிளம்பி என் முகத்துக்கு வந்தது. கண்ணில் ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர் கொட்டியது. மூன்றாவது பீப்பாயில் கயிறு அறுந்து மரக்கட்டை தெறித்தது. பானெட் எழுந்து நின்று முன்கண்ணாடியை மறைத்தது. தலையை வெளியே நீட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஐந்து பீப்பாய்களைச் சாய்த்துவிட்டு வந்து சேர்ந்தேன். "டிரைவர் அழுதுகொண்டே வருகிறார், ஆறுதலாகக் கை தட்டுங்கள்" என்று மைக்கில் சொன்னார்கள். வெங்காய வியாபாரிகள் எழுந்து நின்று தட்டினார்கள்.

என் நேரம் ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. டாக்டரின் நேரம் இரண்டு நிமிடம் பத்து. பன்னிரண்டு விநாடி! பி-யில் இருந்திருந்தால் சாவி என் பையில் இருந்திருக்கும்.

அதோடும் முடியவில்லை. நான் சாய்த்த பீப்பாய்களை நிமிர்த்திவிட்டு, வழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வண்டி தேவைப்பட்டது. எல்லாருக்கும் டீ கொண்டுவந்திருந்த பெரம்பலூர் டீக்கடை வேன், திரும்பிப் போகக் காத்திருந்தது. "அப்படியே உள்ள பூந்து போங்க" என்று அனுப்பினார்கள். கேன்கள் கடகடக்க அது நெளிந்து வளைந்து போய்ச் சேர்ந்தது. ஸ்டாப்வாட்ச்காரர் பழக்க தோஷத்தில் பொத்தானை அமுக்கிவிட்டார். ஒரு நிமிடம் ஐம்பது. மைக் பிடித்திருந்தவர் கையில் வந்த சீட்டை அப்படியே படித்தார்: "சி வகுப்பு. மூன்றாவது, டீ வேன். நான்காவது, பெரம்பலூர் வெங்காய மண்டி."

ஓடிப்போய் முறையிட்டேன். முடிவு எழுதும் மேசையில் இருந்தவர் ரொம்பவும் வருத்தப்பட்டார். "தப்புதான் சார். வேன் பேர அடிச்சுடறேன். அப்ப நீங்க மூணாவது. அதாவது கடைசி. அப்படியே எழுதிரட்டுமா?" என்றார். யோசித்துவிட்டு, வேண்டாம் என்றேன்.

வியாபாரிகள் சொல்லி, சேதி எனக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது போலும். மாமா வாசலிலேயே கையை நீட்டினார், சாவியை வைத்தேன்.

"கடைசியா வராதன்னுதான சொன்னேன்? கடைசிக்கும் அந்தாண்ட ஒரு எடம் இருக்குன்னு எனக்குத் தெரியாதேடா" என்றார்.

திங்கட்கிழமை மண்டியில் உட்கார்ந்தேன். பதினோரு வருடம் உட்கார்ந்தேன். கல்யாணம், குழந்தை எல்லாம் அங்கிருந்தபடியே நடந்தன. இன்றைக்கும் வீட்டில் தோசை மூன்றுதான் மீதி என்றால், நாலாவது தோசை எனக்கு என்கிறாள் மனைவி.

அந்த முதல் மாதத்தில் ஒரு நாள், பாய் வெங்காயம் வாங்க மண்டிக்கு வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் விடவில்லை. பெஞ்சில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோவமா தம்பி? அந்த டீ வேன் இருக்குல்ல, அதுக்கும் ரீபோர் நம்ம கைதான். ஒங்களதுக்குப் பண்ண அதே வேல." ஒரு வெங்காயத்தை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுக்கு யாரும் ஒக்காந்து கணக்குப் போடல. அதான் நல்லா ஓடிருச்சு."