மேனுவல்காரர் எடுத்த மூவர் படம்

கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களில், எல்லா அளவையும் தன் கையாலேயே திருகிவைக்கும் மேனுவல்காரர் என்றோர் இனம் உண்டு. மேனுவல்காரர் ஆவதற்கு முன்பு அவரும் பொத்தானை அமுக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்த சாதுதான். "ஆட்டோவில் எடுத்தால் அது கேமரா எடுத்த படம், நீ எடுத்தது எங்கே?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். போயிற்று.

அப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டவளைப் பாருங்கள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவளும் அக்காவும் தம்பியும் ஒரே கூடத்தில் நிற்கிறார்கள். தம்பிக்குக் கப்பலில் வேலை. அரைமணியில் கார் வந்துவிடும். வளர்ந்தபின் மூவரும் சேர்ந்த படம் ஒன்றுகூட இல்லை. அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

"அசையாதீங்க" என்றார் கணவர்.

"மாமா, அடி வாங்காம அக்கா பக்கத்துல இவ்வளவு நேரம் நான் நின்னதே இல்ல" என்றான் தம்பி.

"அப்பர்ச்சர்ங்கறது ஜன்னல் மாதிரி. ஷட்டர், அதை எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம்ங்கறது. ஐஎஸ்ஓ, உள்ள இருக்கறவனுக்கு எவ்வளவு சீக்கிரம் கண்ணு கூசும்ங்கறது."

"அந்த ஜன்னலை நான் போய்த் திறந்து விடட்டுமா மாப்பிள்ள?" என்றாள் அக்கா.

"ஐயோ, வேண்டாம்! கணக்கு மாறிடும்!"

துவாரத்தைப் பெரிதாக்கினார், வெளிச்சம் கூடியது. கூடியதே என்று நேரத்தைக் குறைத்தார், இருட்டியது. இருட்டியதே என்று ஐஎஸ்ஓவை ஏற்றினார்; படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்தது. அதை இறக்கி, நேரத்தைக் கூட்டி, இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் புறப்பட்ட அதே எண்களில் வந்து நின்றிருந்தார். உழைப்பு வேறு, முன்னேற்றம் வேறு என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் கருவி வேறுண்டா?

வாசலில் ஹாரன் அடித்தது. எல்லோரும் உச்சிவெயிலுக்கு ஓடினார்கள். அவரும் ஓடிவந்து மூன்று படம் எடுத்தார். கூடத்து இருட்டுக்குப் பிடித்த அளவுகள் அப்படியே இருந்தன. இந்த இனத்துக்கு மட்டுமே வாய்க்கும் தவறு இது. ஆட்டோவில் எடுப்பவர் ஆசைப்பட்டாலும் செய்ய முடியாது.

திரையெல்லாம் வெள்ளை. நடுவே ஆறு புருவங்களும் தம்பியின் மீசையும் மிதந்தன.

"இதுல நாங்க எங்கங்க?"

"இருக்கீங்க. கொஞ்சம் வெளிச்சமா இருக்கீங்க."

தம்பி ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டான். கணவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கக் கேமராவை அவளிடம் நீட்டினார். மூன்று வருடமாகப் பிரசங்கம் கேட்டவள். எதைத் தொடவே கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைத் தொட்டாள். கேமராவின் மேல்சக்கரம் ஆட்டோவுக்குத் திரும்பியது. கேமராவை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு அக்கா பக்கம் ஓடினாள்.

"டேய், இறங்குடா! ஒரே நிமிஷம்!"

க்ளிக்.

படம் மோசமில்லை. மூவருக்கும் முகம் இருந்தது.

"பாத்தியா? பொறுமையா கணக்குப் போட்டா வராம எங்க போகும்?" என்றார் அவர்.

"ஆமாங்க" என்றாள், படத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், வெயிலுக்கு ஓடியபோது 'ஐஎஸ்ஓவை நூறுக்கு இறக்கி, ஷட்டர் நேரத்தைக் குறைத்திருக்கலாமே' என்று உங்கள் மனசுக்குள் ஏதாவது முணுமுணுத்ததா? அப்படியானால் அடுத்தமுறை உங்கள் படம் நன்றாக வரும்போது, வீட்டிலிருப்பவர் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.