தண்ணி மில்லில் ஒரு சிட்டிகை மாவு

"ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப்பிடித்து அடி" என்றொரு சொலவடை உண்டு. என் மாமியார் முறையாக அழைத்தார். அந்த ஆடியில் அடி வாங்கியிருக்க வேண்டியவன் நான்தான்.

பழனிசெட்டிபட்டியில் எங்களுக்கு மளிகைக் கடை. பெண் எடுத்தது மார்க்கையன்கோட்டையில். ஆடி வெள்ளியன்று காலை, பணியாரமும் சுசியமுமாக எனக்கு மூச்சு முட்டியதும், "வாங்க மாப்பிள்ளை, எங்க ஊரு தண்ணி மில்லப் பாத்துட்டு வருவோம்" என்றார் மாமனார். வாய்க்கால் தண்ணீர் விழுந்து சக்கரம் சுற்ற, மேலே கல் அரைக்கும். கரண்டு வராத காலத்து மில், இன்றும் ஓடுகிறது.

மில்லுக்குள் மாமனார், மாமியார், என் மனைவி செல்வி மூவரும் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டார்கள். எனக்கும் ஒரு துண்டை நீட்டினார்கள். "தூசியெல்லாம் எனக்குப் பழக்கந்தான் அத்தை" என்று பெருந்தன்மையாக மறுத்துவிட்டேன். (புது மாப்பிள்ளையிடம் யார் எதிர்த்துப் பேசுவது?)

டின்னில் வெள்ளை வெளேரென்று மாவு விழுந்தது. கடைக்காரன் கை சும்மா இருக்குமா? ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்து, நாக்கில் வைத்து, "நயமா வருது" என்று சர்டிபிகேட் கொடுத்தேன்.

"ஐயையோ! அம்மா, இவுக மாவை வாயில போட்டுட்டாக!" என்று செல்வி அலறினாள்.

அது வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு மாவிளக்கு வைக்க அரைத்த மாவு. படைக்கும் முன் மோந்துகூடப் பார்க்கக்கூடாது; அவர்கள் வாயைக் கட்டியது அதற்குத்தான், தூசிக்கு அல்ல. மகளுக்கு நல்ல இடம் அமைந்தால் தண்ணி மில் மாவில் விளக்கேற்றுவதாக மாமியார் நேர்ந்திருந்தாராம். (அந்த நல்ல இடம், அடியேன்.) மதியத்தோடு வாய்க்காலை வேறு அடைத்துவிடுவார்கள். மாமியாருக்குக் கண் கலங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது.

வீட்டுக்குப் பறந்தோம். மறுபடி அரிசியை ஊறவைத்து, ஆடிச் சீராக வந்த என் புதுப் பட்டு வேட்டியிலேயே பரப்பி, நானே விசிறி விசிறி உலர்த்தினேன். கைலியோடு பைக்கை எடுத்துக்கொண்டு மில்லுக்குத் திரும்பினால், தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. பாதி அரிசி அரைபட்டதும் சக்கரம் நின்றேவிட்டது.

யோசிக்கவில்லை. வாயை இறுகக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் குதித்து, சக்கரத்தின் பலகைகளைப் பிடித்துத் தள்ளினேன்.

"மெதுவா மாப்பிள்ளை!" என்று மேலிருந்து மில்லுக்காரர் கத்தினார். "அது உங்க பாட்டனை விட வயசானது!"

கடைசிப் பிடி அரிசியும் மாவாகி விழுந்தபோது நான் தலை முதல் கால் வரை சேறு.

சாயங்காலம் அம்மன் முன்னால் விளக்கு எரிந்தது. விளக்கு மலையேறியதும் மாமியார் மாவைப் பிட்டு முதலில் என் கையில்தான் வைத்தார். "இப்பச் சாப்பிடுங்க மாப்பிள்ளை. நயமா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

இப்போதும் ஆடி தவறாமல் அந்த மில்லுக்குப் போகிறோம். அரிசியைக் கொட்டித் தயாராக நின்றாலும் மில்லுக்காரர் மடைப் பலகையைத் தூக்கித் தண்ணீர் விடமாட்டார்.

"மொதல்ல மாப்பிள்ளை வாயைக் கட்டுங்க. அப்புறம் தண்ணியத் திறக்குறேன்."

மாமியாரே வந்து கட்டிவிடுவார். இரட்டை முடிச்சு.