நண்டுச் சேற்றில் நட்ட கம்பு

மலையூரில் குடியிருக்கும் மச்சான் மதியுவுக்கு, கடலோரம் வைதமுவிலிருந்து மீனவர் குலத்து மூத்தவன் அப்பொரோசா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் என் மனைவி லிட்டியானாவும் எங்கள் பன்றிகளும் சுகம். நீரும், உமக்கு நாங்கள் கட்டிக்கொடுத்த என் தங்கை வசிட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆற்று விலாங்கையே தின்றுகொண்டு ஒரு மனிதன் எப்படிச் சுகமாக இருக்க முடியும் என்பது வேறு விஷயம். அதைக் கேட்க நான் பேனாவை எடுக்கவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன் மச்சான். போன கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோர் முன்னாலும் என்னைக் "கிழட்டுப் பன்றி" என்றீரே, அதை எழுத்து மூலம் வாபஸ் வாங்க வேண்டும். நடந்ததை நீர் ஊர் ஊராகத் தப்பாகச் சொல்லி வைத்திருப்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பெரிய தலைவர் இறந்தபோது, அலையாத்திக் காட்டில் யாரும் நண்டு பிடிக்கவோ மரம் வெட்டவோ கூடாது என்று வழக்கப்படி தடை போட்டோம். ஓலை கட்டிய கம்பைச் சேற்றில் நட்டது நான். துக்கம் கழிந்ததும் அதைப் பிடுங்க வேண்டியவனும் நானே. எங்கள் குலத்தைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அதைப் பிடுங்கச் சொல்ல, ஊர் நிர்வாகி சடங்குகளில் இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரோடு என் வீட்டுக்கு வந்து, பாயில் சம்மணமிட்டு, தலை குனிந்து கேட்க வேண்டும். எங்கள் நிர்வாகி இசிகேலி என்ன செய்தான் தெரியுமா? போன் பண்ணினான்.

"மாமா, அந்தக் கம்பைப் புடுங்கிடுங்க. காட்டை வெட்டி மண்ணடிச்சு ரக்பி மைதானம் போடறோம். லாரிக்குச் சொல்லியாச்சு."

"போன்லயே கேட்டுட்டியா? அப்போ போன்லயே புடுங்கிக்க" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த முறை நேரில் வந்தான். வேர் இல்லை. கடையில் அரைத்த பொடி, பிளாஸ்டிக் பொட்டலத்தில். விலைச் சீட்டைக் கூடக் கிழிக்கவில்லை. திருப்பி அனுப்பினேன். மூன்றாவது முறை தண்டோடு முழு வேர் வந்தது, ஆனால் தலையில் தொப்பி. குலத்து மூத்தவன் வீட்டு வாசலில் தொப்பியோடு நிற்கிறான் மச்சான்! அவன் தகப்பன் பார்த்திருந்தால் தலையையும் சேர்த்துக் கழற்றியிருப்பான். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனேன். "இனிமே இந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்று அவனும் முறுக்கிக்கொண்டு போனான். முறையில்லாமல் பிடுங்கினால் வயிறு வீங்கும் என்று பாதிரியாருக்கும் பயம். ஆகவே கம்பு மூன்று வருடம் நின்றது.

நான் பட்ட பாட்டைக் கேளும். ரக்பிப் பையன்கள் என்னைக் கண்டால், "தாத்தா, பந்து காட்டுக்குள்ள விழுந்துடுச்சு. எடுத்துக்கலாமா, இல்ல அதுக்கும் வேர் கொண்டாரணுமா?" என்பார்கள். "கொண்டா" என்பேன். வீட்டிலோ நண்டுக்கு ஏங்கிப்போன லிட்டியானா, "டின் மீனைப் போட்டே என்னைப் புதைக்கப் போறீங்க" என்று அழுதாள். நான் அசையவில்லை.

கடல் சும்மா இருந்ததா? அதுவும் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் காட்டை விறகுக்கும் வீட்டு மனைக்கும் வழித்துவிட்டிருந்தார்கள். பெரிய புயலில் அவர்கள் கரை கரைந்து, சேப்பங்கிழங்குத் தோட்டம் முழுக்க உப்பாகிப் போனது. எங்கள் தோட்டத்தில் ஒரு இலை கருகவில்லை. அதற்குப் பிறகுதான் தலைநகர் சுவாவிலிருந்து அலிசி என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். வந்தவள் முறைப்படி வேர் வைத்து அனுமதி கேட்டாள், அந்த வளர்ப்பைக் கவனியும். நீளக் குழாயை எங்கள் சேற்றிலும் பக்கத்து ஊர்ச் சேற்றிலும் இறக்கிக் கருப்புக் களிமண்ணை எடுத்துப் போய்ச் சோதித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"தாத்தா, இந்த மரங்க காத்துல இருக்கற கார்பனை இழுத்து இலையும் வேருமா ஆக்குது. அதெல்லாம் விழுந்து சேத்துக்குள்ள காத்துப் படாம கெடக்கறதால சீக்கிரம் மக்கறதில்ல. பக்கத்து ஊர்ல வெட்டிக் கிளறுனதுல பாதிக்கு மேல காத்தோட போயிடுச்சு. உங்க காடு மண்ணைப் பிடிச்சுப் பிடிச்சுக் கடலோட சேந்து தானும் ஒசருது. லாரி மண்ணு கொட்டியிருந்தா எல்லாம் போயிருக்கும்."

"இதைத்தானே நான் மூணு வருஷமா சொல்றேன்" என்றேன்.

"எப்போ சொன்னீங்க? தொப்பியப் பத்தித்தானே கத்திட்டு இருந்தீங்க!" என்றாள் லிட்டியானா.

நான் எதைப் பற்றிக் கத்தினால் என்ன மச்சான், கார்பன் உள்ளேதானே இருக்கிறது?

போன திங்கட்கிழமை ஊர்க்கூட்டம். அலிசி சொல்லி முடித்ததும் இசிகேலி எழுந்தான். வெறுந்தலை. கையில் என் உயரத்துக்கு ஒரு வேர். என் முன்னால் சம்மணமிட்டான். "மாமா, நான் செஞ்சது தப்பு. கம்பைப் புடுங்க வேண்டாம். எப்பவுமே அங்கயே நிக்கட்டும்." எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது, இருந்தாலும் இன்னொரு முறை சொல்ல வைத்தேன். பிறகு கை தட்டி ஏற்றுக்கொண்டேன். கூரை அதிர்ந்தது. ரக்பிப் பையன்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். இனி அவர்கள் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவில் விளையாடுவார்கள். பந்து உருண்டோடினால் அது பந்தின் பாடு.

கர்த்தர் உம் கூரையையும் கிழங்கையும், முடிந்தால் உம் நாக்கையும் காப்பாராக. வசிட்டிக்கு என் அன்பைச் சொல்லும்.

இப்படிக்கு,
ஒரு அடி கூடப் பின்வாங்காத
அப்பொரோசா

பின்குறிப்பு: "எப்பவுமே" என்றால் எனக்கும் சேர்த்துத்தான் என்பது இன்று காலை காட்டோரம் நடந்தபோதுதான் உறைத்தது. மூன்று வருடம் மனிதக் கை படாத நண்டுகள் மச்சான்! ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். என்னைப் பார்த்துக் கொடுக்கை ஆட்டுகின்றன. கம்பு நட்டவனே கை வைத்தால் ஊர் என்ன பேசும்? ஆனால் உம் மகன் தோமாசி எங்கள் ஊர்ப் பெண் பெற்ற பிள்ளை. தாய்மாமன் ஊரில் மருமகன் எதை எடுத்தாலும் யாரும் வாய் திறக்க முடியாது, நானும்தான். அவனைச் சனிக்கிழமை பஸ்ஸில் அனுப்பும். கூடை பெரிதாக இருக்கட்டும். பாதியை என் பின்வாசலில் வைக்கச் சொல்லும். லிட்டியானா இப்போதே தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள்.