சண்முகவேல் மாட்டிய பிளஷ் தொட்டி

ஒரு வேலைக்கு ஆள் கூப்பிட்டால் தன் மரியாதை குறைந்துவிடும் என்று நம்புகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. கடிகாரமானாலும் சரி, கால் சுளுக்கானாலும் சரி, இவர்களே பார்த்துக்கொள்வார்கள். கழற்றுவார்கள், பூட்டுவார்கள், மிச்சம் விழுகிற திருகாணியைச் சட்டைப்பையில் மறைத்துக்கொள்வார்கள்.

தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த சண்முகவேல் இந்த இனத்தின் தலைவர். அவர் மனைவி வீரலட்சுமிக்கு அப்போது ஒரே கவலை. மகள் பொன்னுத்தங்கத்துக்குத் தலைப்பிரசவம். "மொதல்ல ஒங்க வீட்டுல கக்கூஸைக் கட்டுங்க, பெறகு அனுப்புறேன். மாசமா இருக்கிற பிள்ளையைக் காட்டுக்கு நடக்க விடமாட்டேன்" என்று மதுரைச் சம்பந்தியம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கக்கூஸ் எழும்பிவிட்டது. சுவர் உச்சியில், சங்கிலி தொங்கும் பிளஷ் தொட்டியும் ஏறிவிட்டது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து அதற்குத் தண்ணீர்க் குழாய் மாட்டுவதுதான் பாக்கி.

"விருதுநகர்லேருந்து குழாய்க்காரரை வரச் சொல்லுங்க" என்றாள் வீரலட்சுமி.

"எதுக்கு? குழாய் மரையில சணலைச் சுத்தி முடுக்கணும், அம்புட்டுத்தான? நான் சுத்தாத சணலா?"

உண்மைதான். அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குழாய்க்காரர் வெள்ளைப் பெயிண்ட் தடவுகிற இடத்தில், கம்பெனியில் காய்ச்சிய மைதாப் பசையைப் பூசிக் காயவிட்டார். தட்டிப் பார்த்தார், கல்லாக இருந்தது. தண்ணீர் விட்டுப் பார்த்தாரா? பட்டாசை வெடித்துப் பார்த்துவிட்டா பெட்டியில் அடைக்கிறார்கள்?

மருமகளைக் கூட்டிக்கொண்டு சம்பந்தியம்மாள் வந்த அன்று காலையில்தான் வால்வைத் திறந்தார். மூட்டில் லேசாகச் சொட்டியது.

"புதுசுல்ல, வேர்க்கத்தான் செய்யும்" என்றார். "சம்பந்தியம்மா, இழுத்துப் பாருங்க!"

அவள் சங்கிலியை இழுத்தாள். தண்ணீர் பாய்ந்தது. சம்பந்தியின் முகம் மலர்வதைப் பார்த்து வீரலட்சுமிக்கு உயிர் வந்தது. தொட்டி மறுபடி நிறையும்போது, ஊறிப்போன பசை கைவிட்டது. குழாய் பிடுங்கிக்கொண்டு, மொட்டைமாடித் தண்ணீர் அத்தனையும் சம்பந்தியம்மாளின் பட்டுச் சேலைமேல் இறங்கியது.

சாயங்கால பஸ்ஸிலேயே பொன்னுத்தங்கம் மாமியாரோடு திரும்பிப் போனாள். மகளுக்கென்று இடித்து வைத்த பிரசவ மருந்தைப் பார்க்கப் பார்க்க வீரலட்சுமிக்கு அழுகை தாங்கவில்லை. சண்முகவேலோ, "பசை கொஞ்சம் இளகலாப் போச்சு" என்றார்.

பேரன் மதுரையில் பிறந்தான். வீரலட்சுமியோடு பார்க்கப் போனவர், அவன் தூங்கிக்கொண்டிருந்த தொட்டிலின் கயிற்றை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த முடிச்சை யாரு போட்டது? அவுருங்க, நான் கட்டுறேன்."

அதுவரை ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாமலிருந்த இரண்டு பாட்டிமாரும் ஒன்றாகப் பாய்ந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள்.

சிரிக்கிறீர்கள். சரி. அடுத்த முறை நீங்கள் திருப்புளியைக் கையில் எடுக்கும்போது, உங்கள் வீட்டில் யார் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று சற்றே திரும்பிப் பாருங்கள்.