துரையின் நீல நிற முப்பாட்டன்

எழுதியிருப்பதை மட்டும் படித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவனுக்கு வாழ்க்கையில் பெரிய ஆபத்து எதுவும் வராது. இருபத்திரண்டு வயதில் எனக்கு அந்தத் திறமை இல்லை. இல்லை என்பதும் தெரியாது.

அப்போது நான் உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிளார்க். வெள்ளைக்காரன் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். வேலை வாங்கித் தந்தவர் அங்கேயே பெரிய கிளார்க்காக இருந்த சங்கரலிங்கம் மாமா. அவர் மகள் காந்திமதியைத் தை மாதம் எனக்குக் கட்டிக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. ஆக, வேலை போனால் பெண்ணும் போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தகரப்பெட்டியின் அடியில் ஒரு கதர்ச் சட்டை இருந்தது. அவ்வப்போது கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்ப்பேன். தேசத்துக்கு அதுவரை நான் செய்திருந்த சேவை அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை, துரைமார்கள் கூடும் கிளப்பில் காட்டுவதற்காக ஒரு ஊமைப்படம் மலையேறி வந்தது. ரோமாபுரிப் படை கடல் தாண்டிப் போய் பழைய பிரிட்டனைப் பிடித்த கதை. படப்பெட்டி திங்கட்கிழமைதான் கீழே இறங்கும். எங்கள் துரை நல்ல மனுஷன். ஞாயிற்றுக்கிழமை தொழிலாளிகளும் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியின் ஜன்னல்களையெல்லாம் கம்பளிகளால் மூடி, பட்டப்பகலை இருட்டாக்கினோம். படத்தின் நடுநடுவே இங்கிலீஷில் எழுத்து வரும். அதைத் தமிழில் சொல்ல என்னைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"வந்த எழுத்தைப் படி, போதும்" என்று மாமா இரண்டு தடவை சொன்னார். தலையாட்டினேன்.

மாடி கொள்ளாத கூட்டம். கடைசியில் பிரம்பு நாற்காலியில் துரை. அவருக்குத் தமிழ் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கொழுந்து, கம்பளி, சீக்கிரம், நாளைக்கு வா என்று ஒரு நாற்பது வார்த்தைதான் தெரியும் என்று நானாகவே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். (அந்தத் தோட்டத்தில் நான் போட்ட கணக்குகளிலேயே மோசமானது அதுதான்.)

முதல் கால்மணி நேரம் ஒழுங்காகத்தான் போனது. காட்டில் வாழும் ஜனங்கள் வந்தார்கள். சட்டை கிடையாது, இடுப்பில் தோல், உடம்பெல்லாம் மை. நீல மை என்று எழுத்து சொன்னது, நானும் சொன்னேன். எதிரே பளபளவென்று கவசம் போட்ட படை. அது வந்து இறங்கியதும் முதல் வேலையாகக் காட்டை வெட்டி ரோடு போட்டது.

முன்வரிசையில் சீனியம்மா உட்கார்ந்திருந்தாள். கொழுந்து எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, கேள்வி கேட்பதிலும் அப்படித்தான்.

"அய்யா, அவுக எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்து ரோடு போடுறாக?"

எழுத்தில் அதற்குப் பதில் இல்லை. நான் சொன்னேன். அந்த மண்ணில் ஈயமும் தகரமும் இருக்கிறது, வயலில் கோதுமை விளைகிறது, எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக ரோடு வேண்டாமா? கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. போடிமெட்டு ரோட்டில் தேயிலைப் பெட்டி சுமந்தவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள்.

அந்த முனகல்தான் என்னைக் கெடுத்தது. பெட்டிக்குள் கிடந்த கதர்ச் சட்டை திடீரென்று என் உடம்பில் ஏறிவிட்டது போல இருந்தது. காட்டு ஜனங்களின் தலைவன் ஒரு குன்றின் மேல் ஏறி நின்று கையைத் தூக்கினான். எழுத்து வந்தது. 'இந்தக் குன்றை விட மாட்டோம்'. மொத்தமே அவ்வளவுதான்.

நான் எவ்வளவு நேரம் பேசினேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. "கடல் தாண்டி வந்தவனே, இந்த மலை எங்கள் மலை, இந்த வேர்வை எங்கள் வேர்வை, நீ போட்ட ரோட்டிலேயே நீ திரும்பிப் போ" என்றது நினைவிருக்கிறது. அதற்குள் தலைவன் குன்றை விட்டு இறங்கி, சண்டை போட்டு, குதிரையிலிருந்து விழுந்தும் விட்டான். நான் இன்னும் குன்றின் மேலேயே நின்றுகொண்டிருந்தேன். ஜனங்கள் எழுந்து நின்று "போ, போ" என்று கத்தினார்கள். மாமா ஓரத்தில் நின்று கழுத்தை அறுப்பது போல எனக்குச் சைகை காட்டினார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

சத்தம் அடங்கியதும் சீனியம்மா கேட்டாள். "இந்த மை பூசுன சனங்க எந்த ஊருய்யா? நம்ம பக்கத்து ஆளுகளா?"

"இவுகதான் நம்ம தொரையோட முப்பாட்டன்மாரு" என்றேன்.

எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் பின்னால் திரும்பியது. திரையைப் பார்த்தார்கள், துரையைப் பார்த்தார்கள், மறுபடி திரையைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார். அப்புறம் மாடியே சிரித்தது. துரை நாற்காலியிலிருந்து எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

படத்தின் முடிவில் காட்டு ஜனங்கள் தோற்றார்கள், தலைவனைச் சங்கிலியில் கட்டி இழுத்துப் போனார்கள். பெண்கள் அழுதார்கள். "பாவம், தொரை வீட்டு ஆளுகளும் நம்மள மாதிரித்தான் பாடுபட்டிருக்காக" என்று சீனியம்மா மூக்கைச் சிந்தினாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் காரணம் வேறு.

மாமா அதுவரை என்னை மாப்பிளை என்றுதான் கூப்பிடுவார். அன்று "தம்பி" என்றார். "தம்பி, ஜெயிலுக்குப் போனா காயிதம் போடுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை துரை கூப்பிட்டனுப்பினார். ராஜினாமா எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். போகிற வழியில் தேசத்துக்காகச் சிறை செல்வதைப் பற்றி வீரமாக நினைக்கப் பார்த்தேன். காந்திமதிதான் நினைவுக்கு வந்தாள்.

துரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி, நாற்பது வார்த்தையைத் தாண்டிய தமிழில் பேச ஆரம்பித்தார்.

"நேத்து படத்துல தோத்தவன் யாரு?"

"தொரையோட முன்னோருங்க, தொரை."

"இல்ல. அது இங்கிலீஷ்காரன் நாடு. நான் ஸ்காட்லாந்து. எங்க ஆளு அதுக்கும் வடக்கே, மலையில. ரோமாக்காரன் அங்கேயும் வந்தான். முடியல. குறுக்கே ஒரு சுவர் கட்டிட்டுப் போயிட்டான்." மேஜையை விரலால் தட்டினார். "நீ எல்லார் முன்னாடியும் என் பாட்டன் தோத்துட்டான்னு சொல்லிட்ட."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது, அந்த ஸ்காட்லாந்து மலைகளையும் சுவரையும் அதைக் கட்டிய புண்ணியவான்களையும் அங்கேயே விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கும் நேரத்தில் இதை எல்லோருக்கும் திருத்திச் சொல்ல வேண்டும் என்பதுதான் தண்டனை.

வெளியே போகத் திரும்பினேன். "கிளார்க்" என்று கூப்பிட்டார். "குன்று மேல அவன் நின்னான் இல்ல, அங்க இருந்த எழுத்து ஒரே வரி. நானும் படிச்சேன்."

குனிந்து காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மீசைக்குக் கீழே அவர் சிரித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் ஓட்டமாக வந்து ராஜினாமாவை அடுப்பில் போட்டேன்.

மறுநாள் கொட்டும் பனியில் வரிசையாக நின்றவர்களிடம் திருத்தத்தைச் சொன்னேன். நம் துரையின் முன்னோர் வேறு மலைக்காரர்கள், அவர்களை யாராலும் பிடிக்க முடியவில்லை என்று. எல்லோருக்கும் சந்தோஷம். சீனியம்மா மட்டும் கூடையை முதுகில் சரி பண்ணிக்கொண்டே கேட்டாள். "வந்தவன அவுக எப்புடி வெரட்டுனாகளாம்? அதையும் தொரையக் கேட்டுச் சொல்லுங்கய்யா."

நான் கேட்கவில்லை. எனக்குத் தை மாதம் கல்யாணம் இருந்தது.

கல்யாணமும் நடந்தது. மாமா மறுபடி மாப்பிளை என்றார், கதையைத் தன் மகளுக்கும் சொல்லிவிட்டார். இப்போது நாங்கள் போடியில் இருக்கிறோம். ராஜா ராணிப் படம் வந்தால் குடும்பத்தோடு போவோம். ராஜா வாளை உருவி அந்நியனை விரட்டி வசனம் பேசுவான், கொட்டகையே அதிரும். எனக்கு மட்டும் கை தட்டுவதற்கு முன்னால் கழுத்து தானாகப் பின்வரிசைப் பக்கம் திரும்பும்.

"தொரை வரல" என்பாள் காந்திமதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க தட்டுங்க."